தட்டை, சக்கைல இருந்து எத்தனால்: என்சைம் கைகொடுக்குமா, கழுத்தறுக்குமா?

தட்டைமாறன்:
ரொம்ப நாளா மண்டையில ஓடிட்டு இருக்கு, இங்க போட்டு ஒரு சண்டை பிடிச்சாதான் தெளியும் போல. அறுவடை முடிஞ்சா மக்காச்சோளத் தட்டை, கோதுமை வைக்கோல், கரும்புச்சக்கைன்னு மலை மலையா மிஞ்சுது, இதுல பாதிக்கு மேல சர்க்கரைதான், என்ன, கோர்த்துக் கட்டி வச்ச சர்க்கரை. செல்லுலோஸ் முழுக்க குளுக்கோஸ் சங்கிலி, ஹெமிசெல்லுலோஸ்ல பெரும்பகுதி சைலோஸ்ங்கற இன்னொரு சர்க்கரை. என்சைம் போட்டா சங்கிலி அறுந்து சர்க்கரை, ஈஸ்ட் போட்டா எத்தனால். தானியத்தைத் தொட வேண்டாம், சாப்பாடா பெட்ரோலான்னு பஞ்சாயத்தும் வேண்டாம். செடியை விறைப்பா நிக்க வைக்கிற, கரையாம மிஞ்சுற லிக்னினை எரிச்சு ஆலைக்கு வேண்டிய நீராவி, கரண்ட் ரெண்டையும் எடுத்துக்கலாம். இப்படி ஒரு டெக்னாலஜியை ஏன் "எப்பவுமே அஞ்சு வருஷம் தள்ளியே நிக்கும்"னு நக்கல் அடிக்கிறாங்க? என்னைக் கேட்டா இது வந்தே தீரும். மாத்துக்கருத்து இருக்கிறவங்க காரணத்தோட வாங்க.

பழைய_பாய்லர்:
காரணமா தம்பி, வரிசையா எடுத்துக்கோ. அமெரிக்காவுல கான்சாஸ் ஹியூகோட்டன்ல அபெங்கோவா 2014ல திறந்தான், வருஷத்துக்கு 25 மில்லியன் கேலன்னு (ஒரு கேலன் 3.8 லிட்டர்) அறிவிப்பு, 2016ல கம்பெனியே திவால்ல நின்னு ஆலை கைமாறிடுச்சு. அயோவா நெவாடாவுல டுபான்ட் 2015 அக்டோபர்ல ரிப்பன் வெட்டினான், 30 மில்லியன் கேலன், 2017 நவம்பர்ல விக்கப்போறோம்னு அறிக்கை விட்டான். அதே அயோவாவுல எம்மட்ஸ்பர்க், போயட்டும் டிஎஸ்எம்மும் சேர்ந்து 2014ல ஆரம்பிச்சாங்க, 2019 கடைசியில வியாபார உற்பத்தி நிறுத்தம். இத்தாலி கிரெசென்டினோ 2013ல தொடக்கம் 2017ல மூடல். ருமேனியா போடாரில கிளாரியன்ட் 2021ல கட்டி முடிச்சு 2023 டிசம்பர்ல மூடுறோம்னுட்டான். இதுல ஒருத்தனும் சில்லறை ஆள் இல்ல. பணம் இருந்துச்சு, விஞ்ஞானிங்க இருந்தாங்க, டுபான்ட் கிட்ட ஜெனென்கோர்னு சொந்தமா ஒரு என்சைம் கம்பெனியே இருந்துச்சு. அவனாலயே முடியலைன்னா நீ எந்த தைரியத்துல வந்தே தீரும்ங்கற?

நொதிப்பிரியன்:
பாய்லர் அண்ணே லிஸ்ட் சரி, தீர்ப்புதான் அவசரம். அபெங்கோவா மூழ்கினது தாய்க் கம்பெனியோட கடன்ல. கிரெசென்டினோவும் அதே கதைதான், மோஸி கிசோல்ஃபி குரூப்போட ரசாயன பிசினஸ் கடன்ல சிக்கினதும் இதுவும் சேர்ந்து படுத்துச்சு, அப்புறம் 2018ல எனி குரூப்போட வெர்சாலிஸ் அந்த ஆலையை வாங்கி 2022ல திரும்ப ஓட்ட ஆரம்பிச்சான், அதை நீங்க சொல்லவே இல்ல பாருங்க. டுபான்ட் அறிக்கை விட்டது டவ் கூட இணைஞ்சு ரெண்டு மாசத்துல, புது நிர்வாகம் எதை வச்சுக்கலாம் எதைத் தள்ளலாம்னு கணக்குப் போட்ட நேரம். இதுல எங்கயாவது "என்சைம் வேலை செய்யல"ன்னு ஒரு வரி இருக்கா?

என்சைம் பக்கம் நடந்த வேலை சாதாரணம் இல்ல. ரெண்டாம் உலகப்போர் சமயம் தென் பசிபிக்ல அமெரிக்கப் படையோட பருத்திக் கூடாரம், துணி, பெல்ட்டெல்லாம் மக்கி நாறிப் போச்சு. ஏன்னு தேடினப்போ சாலமன் தீவுகள் பக்கம் கிடைச்ச ஒரு பூஞ்சை மாட்டுச்சு, அதைப் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணின எல்வின் ரீஸ் பேர்லயே ட்ரைக்கோடெர்மா ரீசைன்னு பேர் வச்சாங்க. துணியைக் காப்பாத்த ஆரம்பிச்ச ஆராய்ச்சி, மேரி மேண்டல்ஸ், ரீஸ் ரெண்டு பேரும் அதை அப்படியே திருப்பி, செல்லுலோஸை சர்க்கரை ஆக்குற பக்கம் கொண்டு போனாங்க. கியூஎம்6ஏ-ங்கற அந்த ஒத்தைப் பூஞ்சையோட வாரிசுங்கதான் இன்னிக்கு தொழிற்சாலையில லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல புரதத்தைக் கக்குது.

அதுவும் ஒரே என்சைம்னு நினைச்சுக்காதீங்க. எண்டோகுளுக்கனேஸ் சங்கிலியை நடுவுல வெட்டும், செல்லோபயோஹைட்ரோலேஸ் அறுந்த முனையில ஏறி உக்காந்து ரெண்டு ரெண்டு குளுக்கோஸா உருவிக்கிட்டே போகும், பீட்டா குளுக்கோசிடேஸ் அந்த ஜோடியைப் பிரிச்சு விடும். 2010ல எல்பிஎம்ஓ-ன்னு ஒரு செப்பு என்சைம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிய வந்துச்சு, இது ஆக்சிஜனேற்றம் பண்ணி, மத்த மூணுக்கும் நுழைய முடியாத படிகப் பகுதியில கீறல் போட்டுக் கொடுக்கும். இந்த நாலும் சரியான விகிதத்துல கலந்த காக்டெய்ல்தான் இப்ப மார்க்கெட்ல வருது.

கணக்குப்பிள்ளை:
//"என்சைம் வேலை செய்யல"ன்னு ஒரு வரி இருக்கா?//

வேலை செய்யுது சார். எவ்வளவு போட்டா வேலை செய்யுதுங்கறதுதான் கேள்வி. பேப்பர்ல போட்டுப் பாப்போம்.

காய்ஞ்ச தட்டை 1 டன். செல்லுலோஸ் 35 சதவீதம்னு வைங்க, 350 கிலோ. தண்ணி சேர்ந்து உடையறதால குளுக்கோஸ் 389 கிலோ வரும். ஒரு கிலோ குளுக்கோஸ்ல அதிகபட்சம் 0.511 கிலோ எத்தனால், மீதி கார்பன் டை ஆக்சைடா காத்துல போயிடும். ஆக 199 கிலோ, லிட்டர்ல 252. சைலோஸ் பக்கம் எல்லாம் நல்லபடியா நடந்தா இன்னொரு 145 சொச்சம். முழுக்க முழுக்க தியரில கிட்டத்தட்ட 400 லிட்டர், நடைமுறைல 250ல இருந்து 330. பாய்லர் சார் சொன்ன போடாரி ஆலையோட டிசைன் கணக்கே வருஷத்துக்கு 2,50,000 டன் வைக்கோல், 50,000 டன் எத்தனால், வகுத்துப் பாத்தா டன்னுக்கு 253 லிட்டர்தான்.

இப்ப என்சைம். அமெரிக்காவோட என்ஆர்இஎல் ஆய்வகம் 2011ல போட்ட டிசைன்ல 1 கிராம் செல்லுலோஸுக்கு 20 மில்லிகிராம் என்சைம் புரதம். நம்ம 350 கிலோவுக்கு 7 கிலோ சுத்தமான புரதம். 300 லிட்டர் எத்தனாலுக்கு 7 கிலோன்னா லிட்டருக்கு 23 கிராம். நான் சொல்றது புரதம் மட்டும், தண்ணியோட டேங்கர்ல வர்ற சரக்கோட எடை இன்னும் பல மடங்கு. ஸ்டார்ச்சை உடைச்சு எத்தனால் பண்றவன் இதுல ஒரு சின்ன பங்கு கூட போடறதில்ல.

அந்த டிசைன்லயே கேலனுக்கு குறைஞ்சபட்ச விற்பனை விலை 2.15 டாலர், அதுல என்சைம் மட்டும் 34 சென்ட். 2012ல வந்த இன்னொரு ஆய்வு இது ரொம்ப ஆசைப்பட்ட கணக்குன்னு சொல்லி, சர்க்கரை முழுக்க எத்தனால் ஆனாக்கூட 68 சென்ட், ஆய்வகங்கள்ல நிஜமா கிடைச்ச அளவை வச்சா 1.47 டாலர்னு போட்டுச்சு. ரெண்டுல எது சரின்னு சண்டை இன்னும் ஓயல, ஆனா என்சைமை சில்லறைச் செலவுன்னு யாரும் சொல்லிட முடியாது.

தட்டைமாறன்:
பிள்ளைவாள், 2011 கணக்கை வச்சே எவ்வளவு நாள் ஓட்டுவீங்க? அதுக்கப்புறம் காக்டெய்ல் எத்தனை தலைமுறை மாறிடுச்சு. அப்புறம் என்சைமை கடைச்சரக்கு மாதிரி வெளிய வாங்கணும்னு யார் சொன்னது, ஆலைக்குள்ளேயே பூஞ்சை வளர்த்து அதே வைக்கோலைத் தின்னக் கொடுத்து என்சைம் எடுத்துக்கலாமே?

கணக்குப்பிள்ளை:
நான் சொன்ன 34 சென்ட்டே ஆலைக்குள்ள தயாரிச்ச கணக்குதான் :) அதுல பூஞ்சைக்குத் தீனியா போட்டது குளுக்கோஸ். பூஞ்சைக்கு சர்க்கரை வேணும், காத்து அடிக்க கம்ப்ரஸர் வேணும், கம்ப்ரஸருக்கு கரண்ட் வேணும்.

நொதிப்பிரியன்:
இல்ல சார், உள்ளேயே பண்றதுல நீங்க விட்ட லாபம் ஒண்ணு இருக்கு. வெளிய இருந்து வர்ற என்சைமை சுத்தம் பண்ணணும், செறிவாக்கணும், கெட்டுப் போகாம இருக்க மருந்து சேர்க்கணும், அப்புறம் லாரி. பக்கத்து டேங்க்ல வளர்ந்த பூஞ்சைக் குழம்பை அப்படியே கொட்டலாம்னா இதுல ஒண்ணுமே வேண்டாம். அதுவும் எந்த வைக்கோலை உடைக்கணுமோ அதையே தின்னு வளர்ந்த பூஞ்சை அதுக்குத் தோதான கலவையைச் சுரக்கும். அயோஜென் கம்பெனி, கிளாரியன்ட்டோட சன்லிக்விட் முறை ரெண்டும் இந்த வழிதான்.

பழைய_பாய்லர்:
அந்த சன்லிக்விட்தானே போடாரில மூடினது?

நொதிப்பிரியன்:
ஆமாண்ணே அதேதான். சிரிச்சுக்கோங்க.

பழைய_பாய்லர்:
சிரிக்கல தம்பி, வயிறு எரியுது. நீங்க ரெண்டு பேரும் என்சைம் 34 சென்ட்டா 68 சென்ட்டான்னு அடிச்சுக்கறீங்க, அந்த டேங்க் வரைக்கும் தட்டை வந்து சேர்றதே பெரும்பாடு, அதைப் பத்தி யாருமே பேசல. நான் இருபது வருஷத்துக்கு மேல பயோமாஸ் பாய்லர், ஃபீடர்னு கெடந்தவன், சொல்றேன் கேளுங்க. டுபான்ட் ஆலைக்கு வருஷத்துக்கு 3.75 லட்சம் டன் காய்ஞ்ச தட்டை வேணும், முப்பது மைல் சுத்துவட்டத்துல ஐந்நூறு விவசாயி கிட்ட இருந்து. பெரிய கட்டு ஒண்ணு அரை டன்னு வச்சாலும் ஏழரை லட்சம் கட்டு, ராப்பகலா வருஷம் பூரா ஓட்டினாலும் நிமிஷத்துக்கு ஒன்றரை கட்டு உள்ள போயிட்டே இருக்கணும், ஆனா அறுவடை நடக்கறது சில வாரம்தான், அந்த சில வாரத்துல மொத்தத்தையும் கட்டி ஏத்தி அடுக்கி அடுத்த அறுவடை வரைக்கும் மழை படாம தீ பிடிக்காம காவல் காக்கணும். ஈரம் ஏறிப்போன கட்டு உள்ளுக்குள்ளயே சூடாகி, தானா புகைய ஆரம்பிச்சு நான் பாத்திருக்கேன்.

அப்புறம் மண்ணு. தட்டையைத் தரையோட வாரிக் கட்டறான், மண்ணும் கல்லும் கூடவே வருது, போதாததுக்கு தட்டைக்குள்ளயே சிலிக்கா. ஹேமர் மில் சுத்தியல் தேஞ்சு முனை உருண்டையாயிடும், ஸ்க்ரூ ஃபீடரோட இறக்கை விளிம்பு பிளேடு மாதிரி மெலிஞ்சு போயிடும். பிரஷர்ல இருக்கிற ரியாக்டருக்குள்ள தட்டையைத் தள்ளணும்னா அந்த ஸ்க்ரூ தட்டையை அமுக்கி ஒரு கெட்டி அடைப்பா மாத்தி, அந்த அடைப்புதான் உள்ள இருக்கிற நீராவியை வெளிய விடாம தடுக்கணும். ஈரம் கொஞ்சம் கூடினா அடைப்பு நிக்காது, நீராவி பின்னாடி சீறிக்கிட்டு வரும். ஈரம் கொறைஞ்சா அப்படியே இறுகிப் போயி மோட்டார் டிரிப் ஆகும், அப்புறம் மேன்ஹோலைத் திறந்து கடப்பாரையோட ஆள் இறங்கணும். காலையில ஒரு வயல் கட்டு, மத்தியானம் வேற வயல் கட்டு, ஈரமும் மண்ணும் மாறிக்கிட்டே இருக்கும், எந்த செட்டிங்ல ஓட்டுவ? உன் என்சைம் டேங்க் காலியா காத்துக்கிட்டு நிக்கும்.

தட்டைமாறன்:
அண்ணே இது ஆரம்பக் கோளாறு தானே, எந்தத் தொழில்ல இல்ல?

பழைய_பாய்லர்:
ஆரம்பக் கோளாறா? அஞ்சு வருஷமாவா? எம்மட்ஸ்பர்க்ல 2014ல ஆரம்பிச்சவன் 2017லதான் ப்ரீட்ரீட்மென்ட், அதான் என்சைமுக்கு முன்னாடி தட்டையை வேகவச்சுத் திறக்கற கட்டம், அந்தப் பிரச்சனையைத் தாண்டிட்டோம்னு சொன்னான். ரெண்டு வருஷத்துல நிறுத்திட்டான்.

ஈஸ்ட்டுக்காரி:
நடுவுல புகுந்து ஒரு வார்த்தை. எனக்கு ஃபெர்மென்டேஷன்தான் தொழில். என்சைம் ஆளுங்க "சர்க்கரை கொடுத்துட்டோம்"னு கையைத் தட்டிக்கிட்டுப் போயிடுவாங்க, என்ன சர்க்கரை எப்படிப்பட்ட சர்க்கரைன்னு யாரும் கேக்கறதில்ல.

தட்டையை அப்படியே போட்டா என்சைம் கிட்டவே போக முடியாது, லிக்னின் கவசம். அதனால 180, 200 டிகிரியில நீராவி, கூட கொஞ்சம் அமிலம்னு வேகவச்சுத்தான் திறக்கணும். அந்த வேக்காட்டுல கொஞ்சம் சர்க்கரை கருகி ஃபர்ஃபுரால், எச்எம்எஃப் ஆகுது, ஹெமிசெல்லுலோஸ்ல ஒட்டிட்டு இருந்த அசிட்டிக் அமிலம் கழண்டு வருது, மூணுமே ஈஸ்ட்டுக்கு விஷம். கம்மியா வேகவச்சா என்சைம்காரர் கத்துவார், அதிகமா வேகவச்சா என் ஈஸ்ட் செத்துப் போகும்.

அடுத்து வெப்பநிலை. என்சைமுக்கு 50 டிகிரி, பிஎச் 5 பக்கம் வேணும். ஈஸ்ட்டுக்கு 32. தனித்தனி டேங்க்ல பண்ணலாம்னா சர்க்கரை சேரச் சேர என்சைம் மந்தமாயிடுது, குளுக்கோஸும் செல்லோபயோஸும் அதோட வாயை அடைச்சுடும். சரி ரெண்டையும் ஒரே டேங்க்ல போட்டு சர்க்கரை வர வர ஈஸ்ட் சாப்பிடட்டும்னா வெப்பநிலையில ரெண்டுக்கும் பொதுவா ஒரு இடம் பிடிக்கணும், அதுல என்சைமுக்கு வேகம் பாதியாயிடும். இதுல வேடிக்கை என்னன்னா நொதி சார் பெருமையாச் சொன்ன அந்த எல்பிஎம்ஓ-வுக்கு ஆக்சிஜனோ ஹைட்ரஜன் பெராக்சைடோ வேணும், என் ஈஸ்ட் டேங்க்ல இருக்கிற ஆக்சிஜனை முதல் வேலையா குடிச்சுத் தீர்த்துடும். அப்ப அந்த என்சைம் சும்மா மிதக்க வேண்டியதுதான்.

சைலோஸ் பத்திக் கேக்கவே வேண்டாம். சாதா ஈஸ்ட் அதைத் தொடாது. பேக்டீரியாவுல இருந்தோ வேற பூஞ்சையில இருந்தோ மரபணு எடுத்துப் போட்ட ஈஸ்ட்தான் சாப்பிடும், அதுவும் பக்கத்துல குளுக்கோஸ் இருந்தா முதல்ல அதை முடிச்சுட்டுத்தான் இதுக்கு வரும், அதுக்குள்ள எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் ஏறி ஈஸ்ட் சோர்ந்து போயிருக்கும். இது ரெண்டு நாள் மூணு நாள்னு இழுக்கற வேலை, 32 டிகிரியில சர்க்கரைத் தண்ணி அவ்வளவு நேரம் கெடந்தா லாக்டிக் அமில பேக்டீரியா சும்மா இருக்குமா? லட்சக்கணக்கான லிட்டர் டேங்க்ல ஒரு வால்வு மூலையில அது புகுந்தா போதும், எத்தனாலுக்குப் பதில் புளிச்ச தண்ணிதான்.

கணக்குப்பிள்ளை:
மேடம், கடைசியில டேங்க்ல எத்தனால் எவ்வளவு நிக்குது?

ஈஸ்ட்டுக்காரி:
5 சதவீதம் பக்கம் வந்தா நல்ல நாள். தானியத்துல 12ல இருந்து 15 வரைக்கும் சர்வ சாதாரணம். 4க்குக் கீழ போச்சுன்னா வடிக்கறதுக்கு ஆகுற நீராவிச் செலவே தின்னுடும், அப்புறம் தண்ணி மிச்சத்தை எடுக்க மாலிக்குலர் சீவ்னு தண்ணியை உறிஞ்சுற சல்லடை வேற.

நொதிப்பிரியன்:
மேடம் சொன்ன எதையும் மறுக்கல. ஆனா அந்த 5 சதவீதம் ஏன் 5லயே நிக்குதுன்னு பாருங்க, அங்கதான் என்சைமோட வேலையே இருக்கு. எத்தனால் அதிகம் வேணும்னா சர்க்கரை அதிகம் வேணும், சர்க்கரை அதிகம் வேணும்னா தண்ணியைக் குறைச்சு தட்டையைக் கூட்டணும். லேப்ல 20 சதவீதம் போட்டுப் பாத்தா பாட்டில்ல ஈர மரத்தூள் மாதிரி கெடக்கும், ஒரு சொட்டு தனியா ஓடற தண்ணி கிடையாது, பாட்டிலைக் கவுத்தாக்கூட விழாது. ஸ்டிரர் போட்டா குழி பறிச்சுக்கிட்டு அது மட்டும் தனியா சுத்தும். என்சைம் ஊத்தி 50 டிகிரியில உருட்டிக்கிட்டே இருந்தா மொதல்ல ஒண்ணும் தெரியாது, சில மணி நேரத்துல ஓரம் பளபளன்னு ஆகும், அப்புறம் சட்டுனு இளகி சேறு மாதிரி வழியும், மறுநாள் பாத்தா பழுப்புத் தண்ணி. நீளச் சங்கிலியை அங்கங்க வெட்டினாலே போதும் கெட்டித்தன்மை உடைஞ்சுடும், முழுசா சர்க்கரை ஆகணும்னு இல்ல. இதைப் பெரிய டேங்க்ல பண்ண, படுக்கை வாட்டு டிரம்மா, கொஞ்சம் கொஞ்சமா தட்டை சேர்க்கிற முறையான்னு இன்ஜினியரிங் தீர்வு வந்துட்டு இருக்கு. லிக்னின்ல போயி ஒட்டிக்கிட்டு வீணாப் போற என்சைமைத் தடுக்க பாலிஎத்திலீன் கிளைக்கால் மாதிரி மலிவான சேர்மானமும் இருக்கு.

மண்புழு:
எல்லாரும் தட்டை சும்மா கிடைக்குதுங்கற நினைப்புலயே பேசறீங்க. வயல்ல இருந்து மொத்தமா வாரிட்டுப் போனா மண்ணுல கார்பன் எங்க இருந்து வரும்? மேல மூடாக்கு இல்லைன்னா மழையில மேல்மண் அடிச்சுட்டுப் போகும். பொட்டாசியத்துல பெரும்பகுதி தானியத்துல இல்ல தட்டையிலதான் இருக்கு, அதையும் ஏத்தி அனுப்பிட்டு திரும்ப உரமா காசு கொடுத்து வாங்குவான். எம்மட்ஸ்பர்க்ல வயலோட தட்டையில கால்வாசிதான் எடுத்தாங்க, அது சரியான முறை. ஆனா கால்வாசிதான்னா ஒரு ஆலைக்கு வேண்டிய வயல் பரப்பு நாலு மடங்கு, பாய்லர் அண்ணனோட லாரிக்கணக்கு இன்னும் மோசமாகும்.

தட்டைமாறன்:
ஆளாளுக்கு அடிக்கிறீங்க :( சரி எரிக்கிற இடத்துல? வயல்லயே தீ வச்சுடறாங்களே, அங்க மண்ணுக்கும் போகல, ஆலைக்கும் போகல, புகையாத்தானே போகுது. அதை எடுத்தா என்ன நஷ்டம்?

மண்புழு:
அங்க எடுக்கலாம், மறுப்பு இல்ல. ஆனா எத்தனாலாத்தான் ஆக்கணும்னு என்ன கட்டாயம்? காத்து புகாத டேங்க்ல போட்டு மீத்தேன் எடுத்துட்டுப் போங்களேன். அதுக்கு என்சைம் வாங்க வேண்டாம், அந்த நுண்ணுயிரிங்களே சுரந்துக்கும். சைலோஸா குளுக்கோஸான்னு பாக்காது, ஈஸ்ட் மேடம் பயப்படற அசிட்டிக் அமிலம் அதுக்கு சாப்பாடு. வடிக்க வேண்டாம், கேஸ் தானா மேல வந்துடும். மிஞ்சின கசடுல பொட்டாசியம், நைட்ரஜன் எல்லாம் அப்படியே இருக்கும், திரும்ப வயலுக்கு. டுபான்ட் விட்டுட்டுப் போன நெவாடா ஆலையை 2018ல வெர்பியோங்கற ஜெர்மன் கம்பெனி வாங்கி அதே தட்டையில இருந்து மீத்தேன் எடுக்க ஆரம்பிச்சுச்சு. அதே ஊர், அதே தட்டை.

பழைய_பாய்லர்:
அடி சக்கை, இதுதான் பாயிண்ட்டு.

கணக்குப்பிள்ளை:
கூட ஒண்ணு. அமெரிக்கா 2007ல போட்ட சட்டத்துல 2022க்குள்ள செல்லுலோஸ் எரிபொருள் மட்டும் வருஷத்துக்கு 16 பில்லியன் கேலன்னு இலக்கு. 2022 வந்தப்போ அவங்க சுற்றுச்சூழல் ஏஜென்சி அதை 0.63 பில்லியனுக்கு இறக்கி வச்சுச்சு, அதுலயும் பெரும்பங்கு குப்பைக்கிடங்கு, சாணிக்கிடங்குல இருந்து வந்த பயோகேஸ், 2014ல இருந்து அதையும் செல்லுலோஸ் கணக்குல சேத்துக்கலாம்னு விட்டுட்டாங்க. திரவ எத்தனால் அதுல துளிதான்.

நொதிப்பிரியன்:
மீத்தேன் கதையிலயும் ஓட்டை இருக்கு மண்புழு. லிக்னினை அதுவும் தின்னாது, வைக்கோலை வாரக்கணக்குல ஊறப்போடணும், அதனால டேங்க் அளவு பிரம்மாண்டம். குழாய்ல, மூடியில கொஞ்சம் கசிஞ்சாலும் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடை விடப் பல மடங்கு சூடேத்தும், சேமிச்ச புண்ணியம் கரைஞ்சுடும். முக்கியமா விமானம் மீத்தேன்ல பறக்காது. கார் எல்லாம் பேட்டரிக்கு மாறினாலும் மேல பறக்கறதுக்குத் திரவ எரிபொருள் வேணும், எத்தனால்ல இருந்து ஜெட் எரிபொருள் எடுக்கற ஆலையை லான்சாஜெட் ஜார்ஜியா மாநிலம் சோபர்டன்ல 2024 ஜனவரியில திறந்துட்டாங்க. எத்தனாலுக்கு லிட்டருக்கு 21 மெகாஜூல், பெட்ரோலுக்கு 32, கார்ல ஊத்தினா மைலேஜ் அடி வாங்கும்னு சொல்லுவீங்க, சரிதான், ஆனா ஜெட் எரிபொருளா மாத்தும்போது அதுல இருக்கிற ஆக்சிஜனைக் கழட்டிடறதால அந்தக் குறையே இல்ல.

பழைய_பாய்லர்:
சோபர்டனா! அது ரேஞ்ச் ஃப்யூயல்ஸ் மரத்தூளை வாயுவாக்கி எத்தனால் பண்றேன்னு கட்டி 2011ல மூடின இடம்யா. ஒருத்தன் படுத்த இடத்துலயே அடுத்தவன் பாய் விரிக்கிறான். அதுவும் அங்க உள்ள போற எத்தனால் தட்டையில இருந்து வந்ததாத்தான் இருக்கணும்னு ஒண்ணும் இல்ல, எந்த எத்தனாலா இருந்தாலும் அந்த மெஷின் வாங்கிக்கும்.

தட்டைமாறன்:
அண்ணே ஒரே கேள்வி. உங்களுக்கு எதுவுமே பிடிக்காதா, இல்ல இந்த வகையில ஒண்ணாவது சரியா வரும்னு தோணுதா? நேரா சொல்லுங்க.

பழைய_பாய்லர்:
நேராவே சொல்றேன். கட்டு கட்டி லாரியில ஏத்தி வர்ற எதுவும் வேலைக்கு ஆகாது. ஏற்கெனவே ஆலை வாசல்ல வந்து கொட்டிக் கிடக்கிற சரக்குன்னா யோசிக்கலாம். கரும்பு மில்லுல சக்கை கன்வேயர்லயே வருது, அரைச்சு கழுவி மண்ணும் பாதி போயி. பிரேசில்ல ரைசென் கோஸ்டா பின்டோவுல 2015 வாக்குல சக்கைல ஆரம்பிச்சு அப்புறம் 2024ல குவாரிபாவுல அதை விடப் பெருசா இன்னொண்ணு திறந்தான்னா இதுதான் காரணம், தட்டைக்காரன் ஒருத்தன் கூட ரெண்டாவது கட்டல.

ஈஸ்ட்டுக்காரி:
இன்னொண்ணும் இருக்கு அண்ணே. மக்காச்சோள எத்தனால் ஆலைக்குள்ளேயே தானியத்தோட தோல் நார் வருதுல்ல, அதுல செல்லுலேஸ் போட்டு கூடுதலா சில சதவீதம் எத்தனால் எடுக்கறாங்க. அயோவா கால்வாவுல ஒரு ஆலை 2014லயே ஆரம்பிச்சது. லாரி இல்ல, மண்ணு இல்ல, 200 டிகிரி வேக்காடு கூட இல்ல, அந்த நார்ல லிக்னின் கம்மி. சத்தமே இல்லாம ஓடுது. தானியத்தைத் தொட வேண்டாம்னு ஆரம்பிச்ச மாறன் தம்பிக்கு இது ரசிக்காது, ஆனா நடக்கறது இதுதான்.

தட்டைமாறன்:
ரசிக்கலதான் மேடம், அது தானிய எத்தனாலுக்கு முட்டுக் கொடுக்கற வேலை. சக்கை விஷயம் வேற, அதுல எனக்கும் பாய்லர் அண்ணனுக்கும் ஒரே கட்சிங்கறதே அதிசயம்.

கணக்குப்பிள்ளை:
கட்சி சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், மில்லுல சக்கை சும்மாவா கெடக்கு? அதைத்தான் பாய்லர்ல எரிச்சு மொத்த மில்லும் ஓடுது, மிஞ்சுற கரண்ட்டை வித்துக் காசு பாக்கறான். எத்தனாலுக்கு எடுத்தா அந்தக் காசு போகும், அதையும் சக்கையோட விலையாத்தான் வைக்கணும். பாய்லர் சார், நீங்களே சொல்லுங்க, மில்லுக்குப் போக எவ்வளவு மிஞ்சும்?

பழைய_பாய்லர்:
பாய்லரைப் பொறுத்தது. பழைய லோ பிரஷர் பாய்லர் வச்சிருக்கிற மில்லுல சக்கையை எப்படியாவது தீர்க்கணும்னு எரிப்பான், மிச்சம் பிடிக்க ஒண்ணும் இருக்காது. 60 பாருக்கு மேல ஹை பிரஷர் பாய்லர் போட்டு, பம்பு மில்லு டர்பைனை எல்லாம் மோட்டாருக்கு மாத்தி, ஆவியாக்கற கலத்துல நீராவியைச் சிக்கனமா பிடிச்சவன்கிட்ட நல்லாவே மிஞ்சும். ஆனா அப்படிப்பட்டவன்தான் கரண்ட் விக்கவும் ஒப்பந்தம் போட்டு வச்சிருப்பான், அவன்கிட்ட போயி சக்கையைக் கொடுன்னா கொடுப்பானா?

நொதிப்பிரியன்:
முழுசா கொடுக்க வேண்டாமேண்ணே. சர்க்கரைப் பகுதி எங்களுக்கு, லிக்னின் திரும்ப உங்க பாய்லருக்கே வரும், எடைக்கு எடை பாத்தா லிக்னின்ல சூடு செல்லுலோஸை விட அதிகம்.

பழைய_பாய்லர்:
வரும்யா, பிழிஞ்சும் பாதி தண்ணியோட வரும், ஒட்டிப் போன களி மாதிரி, கூடவே சாம்பலும் உப்பும். அதை எந்த கிரேட்ல எரிக்கறது, சூப்பர்ஹீட்டர் டியூப்ல என்ன படியும்னு ஓட்டினவன் யாராவது வந்து சொல்லட்டும், அப்புறம் பேசுவோம்.